தரைப்பலகையைப் பெயர்த்து எரித்த குயவர்: மண்ணில் மீன் நீந்தவிட்ட பெர்னார்ட் பாலிசி யார்?

ஒரு வெள்ளைக் கோப்பை. நாலு பிரஷ். தட்டில் கொஞ்சம் நீலம், கொஞ்சம் பச்சை. கோப்பையைச் சுற்றி ஒரு கடல் ஆமை, இரண்டு மீன், கீழே ஒரு நட்சத்திர மீன். ரெண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு சூளையில் வைத்து எடுத்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும். பெருநகரங்களில் வார இறுதிகளில் நடக்கும் பீங்கான் ஓவிய வகுப்புகளை ரீல்ஸில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அதிலும் கடல் உயிரினம் என்றால் தனி மவுசு.

ஆனால், அந்த வெள்ளை மெருகையும், வெந்த பிறகும் கலையாத அந்த நிறங்களையும் தானே கண்டுபிடிக்கிறேன் என்று ஒருவர் தன் வாழ்க்கையில் சுமார் 16 ஆண்டுகளைச் சூளை முன்னால் உட்கார்ந்தே கழித்தார். கடன் வாங்கினார். வீட்டு மேசையை எரித்தார். மேசை தீர்ந்ததும் தரைப்பலகையைப் பெயர்த்தார். கடைசியில் தட்டுகளில் மீனும் விலாங்கும் நண்டும் சிப்பியும் உயிரோடு இருப்பது போலவே செய்து காட்டினார். அந்த மீன்களையும் சிப்பிகளையும் உற்றுப் பார்த்ததிலேயே, பூமியின் வரலாறு பற்றி அன்றைய அறிஞர்கள் பலர் தவறவிட்ட ஒன்றையும் பிடித்தார்.

அவர்தான் பெர்னார்ட் பாலிசி. 16ஆம் நூற்றாண்டு பிரான்ஸ் நாட்டுக் குயவர்.

புதுக்கோட்டைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக எதுவும் இல்லை. ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கக் கையாண்ட மூன்று விஷயங்களும் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு ரொம்பப் பழக்கமானவை. ஒன்று, களிமண். அய்யனார் கோயில் வாசலில் வரிசைகட்டி நிற்கும் மண் குதிரைகளைப் பார்க்காமல் இந்த மாவட்டத்தைக் கடக்க முடியாது. இரண்டு, கடல். மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என நீளும் பாக் நீரிணைக் கரை. மூன்று, மழைநீர். வற்றாத ஆறு இல்லாத இந்த மாவட்டம் கண்மாய்களை நம்பித்தான் இன்றும் விவசாயம் செய்கிறது.

நீர்வாழ் உயிரினங்களை வரைவதும் இங்கே புதுசு கிடையாது. சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தைப் பாருங்கள். தாமரைக் குளம், அதில் மீன்கள், மகரம், அன்னங்கள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். பாண்டிய மன்னன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமண ஆசான் இந்தக் குடைவரையைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பாலிசி பிறப்பதற்கு 600 ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே சுண்ணாம்புப் பூச்சில் மீன்கள் நீந்திவிட்டன.

அவற்றைச் சுட்ட மண்ணில், நெருப்பைத் தாண்டி நிலைக்கும் நிறத்தில் கொண்டுவருவது வேறு சவால். பாலிசியின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கோப்பை, வந்தது வினை

பாலிசி 1510 வாக்கில் தென்மேற்கு பிரான்ஸில் பிறந்தவர். எளிய குடும்பம். லத்தீன், கிரேக்கம் படிக்கவில்லை. அந்தக் காலத்து ஐரோப்பாவில் இந்த இரண்டும் தெரியாதவரைப் படித்தவர் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். அவர் கற்றுக்கொண்ட முதல் தொழில், தேவாலய ஜன்னல்களுக்கான கண்ணாடி ஓவியம். கூடவே நிலம் அளக்கவும் தெரியும். இளமையில் ஊர் ஊராகச் சுற்றி வேலை பார்த்தார். மலை, ஆறு, கல் குவாரி, சுரங்கம் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டார்.

1539 வாக்கில், அட்லான்டிக் கடலுக்குப் பக்கமாக இருக்கும் சேன்த் என்ற ஊரில் குடும்பத்தோடு குடியேறினார். அங்கே ஒருநாள் யாரோ ஒரு மண் கோப்பையைக் காட்டினார்கள். சக்கரத்தில் செய்து, மேலே வெள்ளை எனாமல் பூசிச் சுட்ட கோப்பை. அவ்வளவுதான். அந்த அழகைப் பார்த்த நொடியிலிருந்து மனிதர் தூக்கத்தைத் தொலைத்தார்.

கண்ணாடி ஓவியத்துக்கு மவுசு குறைந்துகொண்டிருந்த நேரம் அது. இந்த வெள்ளை மெருகின் ரகசியம் கிடைத்துவிட்டால் குடும்பத்தைக் காப்பாற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு. அதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அவருக்குக் களிமண்ணைப் பற்றி ஒன்றுமே தெரியாது. சூளை பற்றியும் தெரியாது. இருட்டில் துழாவுகிற மாதிரிதான் ஆரம்பித்தார்.

அப்படி என்ன ரகசியம் அந்த மெருகில்?

சுட்ட மண் பாத்திரத்தில் நுண்ணிய துளைகள் இருக்கும். தண்ணீர் கசியும். மண் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதற்குக் காரணமே அந்தக் கசிவுதான். இந்தத் துளைகளை அடைக்க மேலே ஒரு மெல்லிய கண்ணாடிப் படலம் போர்த்த வேண்டும். அதுதான் கிளேஸ்.

கண்ணாடியின் மூலப்பொருள் மணல். ஆனால் மணல் உருக மிக அதிக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தில் பாத்திரமே உருக்குலைந்துவிடும். அதனால் மணலோடு காரீயம் போன்ற பொருட்களைச் சேர்த்து உருகும் வெப்பநிலையைக் குறைப்பார்கள். அப்போது சுமார் 900 முதல் 1,000 டிகிரி செல்சியஸிலேயே உருகி, பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதில் வெள்ளீய ஆக்ஸைடு சேர்த்தால் பால் போன்ற வெள்ளை கிடைக்கும். செம்பு சேர்த்தால் பச்சை, கோபால்ட் சேர்த்தால் நீலம், மாங்கனீஸ் சேர்த்தால் பழுப்பும் ஊதாவும், இரும்பு சேர்த்தால் மஞ்சளும் பழுப்பும் வரும்.

இன்றைக்கு இதை ஒரு பத்தியில் எழுதிவிடலாம். பாலிசிக்கு இதில் எதுவுமே தெரியாது. இத்தனைக்கும் வெள்ளீய எனாமல் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. சித்தன்னவாசல் ஓவியங்கள் தீட்டப்பட்ட அதே 9ஆம் நூற்றாண்டிலேயே இராக் குயவர்கள் அதைச் செய்தார்கள். அங்கிருந்து ஸ்பெயின், இத்தாலி வழியாகப் பரவியது. ஆனால் தொழில் ரகசியத்தை யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். வெளியாள் கற்க வேண்டுமென்றால் ஒரே வழி, ஒவ்வொன்றாகக் கலந்து பார்ப்பதுதான்.

அப்படித்தான் செய்தார். மண் பானைகளை வாங்கி உடைப்பார். ஒவ்வொரு சில்லிலும் ஒரு கலவையைப் பூசி எண் போட்டு, எதில் என்ன கலந்தோம் என்று குறித்துக்கொள்வார். சூளையில் வைப்பார். வெளியே எடுத்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மறுபடியும் பானை, மறுபடியும் சில்லு. பல ஆண்டுகள் இதே கதை.

நடுவே உப்பள சர்வே

கையில் காசு சுத்தமாகக் கரைந்த நேரத்தில் ஓர் அரசு வேலை வந்தது. 1543 வாக்கில், அரசர் முதலாம் பிரான்சுவாவின் உப்பு வரிக்காக, சேன்தோன்ஜ் கடற்கரை உப்பளங்களை அளந்து வரைபடம் போடும் பணி. நிலம் அளக்கத் தெரிந்த பாலிசிக்கு அது கிடைத்தது.

உப்பளம் என்றால் வெறும் பாத்தி மட்டுமா? ஓதம் ஏறி இறங்கும் கழிமுகம், சேறு, அதில் ஊரும் நண்டு, ஒட்டிக்கிடக்கும் சிப்பி. கடலோரத்தைக் கூர்ந்து கவனிக்கும் வாய்ப்பு இந்த வேலையில் கிடைத்தது. உப்பு எப்படி விளைகிறது என்பதையும் பின்னாளில் விரிவாக எழுதினார்.

சர்வே முடிந்து பணம் வந்ததும் ஒழுங்காக ஒரு தொழிலைப் பார்த்திருக்கலாம். மனிதர் நேராகச் சூளைக்குத் திரும்பினார்.

இந்த முறை ஒரு புது யோசனை. குயவர் சூளை வெப்பம் போதவில்லை, கண்ணாடி உருக்கும் உலையில் வைத்தால் என்ன? 300க்கும் மேற்பட்ட சில்லுகளைக் கொண்டுபோய் அங்கே வைத்தார். அதில் ஒன்றே ஒன்று நான்கு மணி நேரத்தில் உருகி, ஆறியதும் வெள்ளை வெளேரென்று பளபளத்தது.

ஆறு நாள், ஆறு இரவு

ஒரு சில்லு வெள்ளையானது போதாதே, முழுப் பாத்திரம் வேண்டும். வீட்டுப் பக்கத்திலேயே சொந்தமாக உலை கட்ட முடிவெடுத்தார். ஆள் வைக்கக் காசில்லை. செங்கல்லைத் தன் முதுகில் சுமந்தார். சாந்தைத் தானே குழைத்தார். தண்ணீரும் தானே இறைத்தார்.

முதல் சூட்டில் பாத்திரங்கள் நன்றாக வெந்தன. இரண்டாவது சூட்டில்தான் எனாமல் உருக வேண்டும். உலையின் இரண்டு வாய்களிலும் விறகைத் தள்ளிக்கொண்டு ஆறு பகல், ஆறு இரவு உட்கார்ந்தார். எனாமல் அசையவே இல்லை. கலவையில் உருக்கும் பொருள் குறைவோ என்று சந்தேகம் வந்தது. உலையை அணையவிடாமலே புதுக் கலவை அரைத்தார். புதுப் பானை வாங்கிப் பூசினார். மறுபடி உள்ளே வைத்தார்.

அப்போது விறகு தீர்ந்துவிட்டது.

முதலில் தோட்டத்துக் கொடிப்பந்தல் கால்களைப் பிடுங்கிப் போட்டார். பிறகு வீட்டு மேசைகள். அதுவும் தீர்ந்ததும் தரைப்பலகைகள். ஊரில் செய்தி பரவியது. ஆளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, வீட்டையே எரிக்கிறான் என்றார்கள். கள்ள நாணயம் உருக்குகிறான் என்றும் ஒரு புரளி. கடன்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். பாலிசி தெருவில் தலைகுனிந்து நடந்தார்.

எனாமல் ஒருவழியாக உருகியது. ஆனால் கதை சுபம் போட்டு முடியவில்லை.

ஒரு தப்பு தீர்ந்தால் அடுத்தது ரெடி

உதவிக்கு ஒரு குயவரைச் சேர்த்தார். ஆறு மாதத்தில் சம்பளம் கொடுக்க முடியாமல் அனுப்ப வேண்டி வந்தது. பணத்துக்குப் பதில் தன் துணிமணிகளையே கொடுத்தார்.

அடுத்த சூட்டில் வேறு விபத்து. உலை கட்டிய சாந்தில் சிக்கிமுக்கிக் கற்கள் இருந்தன. சூட்டில் அவை வெடித்துச் சிதறி, உருகிக்கொண்டிருந்த மெருகில் ஒட்டிக்கொண்டன. பாத்திரங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் தடவினால் கை கிழியும். குறைந்த விலைக்குக் கேட்டவர்கள் இருந்தார்கள். அரைகுறைப் பொருளை விற்றால் பெயர் கெடும் என்று, அத்தனையையும் அவரே போட்டு உடைத்தார். வீட்டில் சோற்றுக்கு வழியில்லாத நேரத்தில்!

இன்னொரு முறை, தீயோடு பறந்த சாம்பல் படிந்து எல்லாம் சொரசொரப்பானது. அதற்குத் தீர்வாகப் பாத்திரத்தைச் சுற்றி மண் உறை செய்து மூடிச் சுடும் முறைக்கு வந்தார். பிறகு நிறங்களின் சண்டை. பல்லிக்குப் பூசிய பச்சை, பாம்புக்குப் பூசிய நிறம் உருகுவதற்கு முன்பே கருகிவிடும். எல்லா நிறமும் ஒரே சூட்டில், ஒரே நேரத்தில் உருகும்படி சரிசெய்வதற்குள் ஆண்டுகள் ஓடின. இன்று ஒரு கோப்பையில் ஆமையையும் அலையையும் ஒரே சூட்டில் சுட்டு எடுக்கிறோமே, அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கணக்குகள் இருக்கின்றன.

சூளைக்குக் கூரை போடக்கூட வசதி இல்லாமல் மழையிலும் காற்றிலும் இரவு முழுக்க விழித்திருந்தார். நள்ளிரவில் நனைந்து, சேறு பூசி வீட்டுக்குள் வந்தால் அங்கே திட்டு விழும். வெளியே பட்ட அவமானத்தைவிட வீட்டுக்குள் பட்டது பெரிது என்று பின்னாளில் எழுதினார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தக் கதையை நாம் பாலிசியின் எழுத்து வழியாக மட்டுமே அறிகிறோம். எந்த மேசை எரிந்ததோ, அதில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வைத்த மனைவியின் தரப்பு எங்கேயும் பதிவாகவில்லை. விடாமுயற்சி என்று நாம் கைதட்டும் ஒவ்வொரு கதைக்குப் பின்னாலும், யாரோ ஒருவர் அதற்கான பில்லைக் கட்டியிருக்கிறார்.

தட்டில் நீந்திய மீன்கள்

இத்தனை பாடுபட்டுத் தேடிய வெள்ளை மெருகால் பாலிசி புகழ்பெறவில்லை என்பதுதான் வேடிக்கை. வழியில் அவர் கற்றுக்கொண்ட நிற மெருகுகள்தான் அவரைத் தூக்கிவிட்டன.

பெரிய நீள்வட்டத் தட்டு. நடுவில் தீவு போல ஒரு திட்டு, அதில் சுருண்ட பாம்பு. சுற்றி ஓடும் நீரில் மீன்கள், விலாங்கு. விளிம்பில் தவளை, பல்லி, நண்டு, சிப்பி, பெரணி இலை. தொட்டால் நழுவிவிடும் போல இருக்கும். இதில் சாப்பாடு வைக்க முடியாது. பார்த்து ரசிக்க மட்டும்தான்.

இது எப்படிச் சாத்தியமானது? பாலிசி மீனைப் பார்த்துச் செதுக்கவில்லை. நிஜ மீனிலிருந்தே அச்சு எடுத்தார். இறந்த உயிரினத்தை ஒரு தகட்டில் இயல்பான நிலையில் வைத்து, மேலே பிளாஸ்டர் ஊற்றி அச்சாக்குவார். அதில் களிமண்ணை அழுத்தினால் செதில், துடுப்பு வரி, சிப்பியின் கோடு வரை அப்படியே பதியும். பிறகு அதற்கேற்ற நிறம் தீட்டி, மெருகு உருகச் சுடுவார். பாரிஸில் அவருடைய பட்டறை இருந்த இடத்தைப் பிற்காலத்தில் தோண்டியபோது இந்த அச்சுகளும் உடைந்த துண்டுகளும் கிடைத்தன.

நம்மூர் வேளார்கள் மண் குதிரை செய்யும் முறை இதற்கு நேரெதிர். அச்சு கிடையாது. கால், உடல், கழுத்து என்று பகுதி பகுதியாகக் கையாலேயே வளைத்து எழுப்புவார்கள். மெருகும் கிடையாது. சுட்ட மண்ணின் சிவப்பு, அல்லது அதன் மேல் வண்ணப்பூச்சு. புரவி எடுப்பு முடிந்த பிறகு குதிரை வெயிலிலும் மழையிலும் நின்று, மெல்ல மண்ணோடு மண்ணாகும். அடுத்த திருவிழாவுக்குப் புதுக் குதிரை வரும். பாலிசி ஒரு நண்டை என்றைக்கும் மாறாமல் நிறுத்தி வைக்க ஆசைப்பட்டார். நம்மூர் மரபு, குதிரை மீண்டும் மண்ணாவதை ஏற்றுக்கொண்டது. இரண்டுமே மண்ணின் கலைதான்.

ராணி கொடுத்த வேலை

இந்தத் தட்டுகள் பெரிய இடத்துக் கண்ணில் பட்டன. பிரான்ஸின் படைத்தலைவர் ஆன் டி மோன்மொரான்சி, ஓடும் நீரும் சிப்பியும் உயிரினங்களும் நிறைந்த செயற்கைக் குகை ஒன்றைப் பீங்கானில் செய்யச் சொன்னார்.

அதே நேரம் பாலிசி ஆபத்தான இன்னொரு பாதையிலும் போய்க்கொண்டிருந்தார். கத்தோலிக்க பிரான்ஸில் அவர் புராட்டஸ்டன்ட் ஆனார். சேன்த் ஊரில் அந்தச் சபையை உருவாக்கியவர்களில் ஒருவர். 1562இல் மதப் போர் வெடித்தது. பாலிசி கைதாகி போர்டோ சிறைக்குப் போனார். பட்டறை சூறையாடப்பட்டது. மோன்மொரான்சி போன்றவர்கள் தலையிட்டதால்தான் உயிர் தப்பினார். அரசருக்கும் ராணித் தாய்க்கும் பீங்கான் வேலை செய்யும் கலைஞர் என்ற அரச பட்டம் அவருக்குக் கவசமானது.

1560களின் நடுவில் பாரிஸுக்குப் போனார். ராணித் தாய் கேத்தரின் டி மெடிசி, தன் துய்லரி அரண்மனைத் தோட்டத்துக்கு ஒரு பீங்கான் குகை கேட்டார். மகன்களையும் சேர்த்துக்கொண்டு அந்த வேலையைச் செய்தார்.

1572 ஆகஸ்டில் பாரிஸில் ஆயிரக்கணக்கான புராட்டஸ்டன்ட்கள் கொல்லப்பட்டனர். அந்தப் படுகொலையிலும் பாலிசி தப்பித்தார். சில காலம் ஸெடான் நகரில் இருந்துவிட்டு மீண்டும் பாரிஸ் வந்தார்.

தப்பு என்றால் நாலு மடங்கு பணம் வாபஸ்

1575இல், கிட்டத்தட்ட 65 வயதில், பாலிசி ஒரு துணிச்சலான காரியம் செய்தார். வகுப்பு எடுக்கப் போவதாக பாரிஸ் தெருக்களில் அறிவிப்பு ஒட்டினார். கட்டணம் ஒரு எக்கு, அந்தக் காலத்துத் தங்க நாணயம். இலவசம் என்றால் வெட்டியாக வருவார்கள், காசு கொடுத்து வருபவர்தான் தப்பைக் கண்டுபிடிக்க முயல்வார் என்பது அவர் எண்ணம். சொல்வது தவறு என்று நிரூபித்தால் கட்டணத்தைப்போல நாலு மடங்கு திருப்பித் தருவதாகவும் உறுதி கொடுத்தார்.

மருத்துவர்களும் அறிஞர்களும் வந்தார்கள். நவீன அறுவை சிகிச்சையின் முன்னோடி என்று சொல்லப்படும் அம்ப்ருவாஸ் பாரேயும் கேட்டார். லத்தீன் தெரியாத ஒரு குயவர் பாடம் நடத்த, லத்தீன் படித்தவர்கள் காசு கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். பாலிசி சும்மா பேசவில்லை. தான் சேகரித்த கற்களையும் படிமங்களையும் மேசையில் வைத்துக் காட்டினார். 1584 வரை இந்த வகுப்புகள் நடந்தன. அவற்றின் சாரத்தை 1580இல் நூலாகவும் வெளியிட்டார். அதில் ஏட்டறிவும் அனுபவமும் இரண்டு பாத்திரங்களாக வந்து வாதாடும். ஜெயிப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த வகுப்புகளில் என்ன சொன்னார்? மூன்று விஷயங்கள் இன்றும் முக்கியம்.

1. மலையில் கிடக்கும் சிப்பிகள் நிஜச் சிப்பிகளே. கல்லுக்குள் இருக்கும் சிப்பி உருவங்களை இயற்கையின் விளையாட்டு என்றார்கள் சிலர். பைபிளில் வரும் நோவா வெள்ளம் அடித்து வந்தவை என்றார்கள் வேறு சிலர். பாலிசி இரண்டையும் மறுத்தார். அவை அங்கேயே இருந்த நீரில் வாழ்ந்த உயிரினங்கள், சேறு கல்லானபோது அவையும் கல்லாயின என்றார். எத்தனையோ சிப்பிகளை அச்செடுத்த கைகளுக்கு நிஜச் சிப்பி எது என்று தெரியாதா? நம் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் கடல் உயிரினப் படிமங்கள், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்ததைக் காட்டுகின்றன. வாரணவாசி அருங்காட்சியகத்தில் நேரிலேயே பார்க்கலாம்.

2. ஊற்று நீர் என்பது மழை நீரே. கடல்நீர் நிலத்தடி வழியாக ஏறி ஊற்றாகிறது என்பதுதான் அன்றைய பொதுவான நம்பிக்கை. மழை மண்ணுக்குள் இறங்கி, இறங்க முடியாத பாறையில் தங்கி, வழி கிடைத்த இடத்தில் ஊற்றாக வருகிறது என்றார் பாலிசி. சுமார் 100 ஆண்டுகள் கழித்து, 1674இல், பியர் பெரோ என்பவர் சீன் ஆற்றுப் படுகையில் மழை அளவைக் கணக்கிட்டு, ஆற்றுக்கு மழையே தாராளமாகப் போதும் என்று காட்டினார். கண்மாய் நிறைந்தால் கிணறு ஊறும் என்பதைப் புதுக்கோட்டை விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஐரோப்பிய அறிஞர்களுக்கு ஒரு குயவர் எடுக்க வேண்டியிருந்தது.

3. உயிரினங்கள் அழிந்துபோகும். படிமங்களில் சில, எந்தக் கடற்கரையிலும் இப்போது காணப்படாதவை. அந்த இனமே தொலைந்துவிட்டிருக்கலாம் என்றார். அதற்கு அவர் யோசித்த காரணம், அளவுக்கு மீறிப் பிடித்தது. அந்தப் படிமங்களுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. ஆனால் படைத்தது எதுவும் அழியாது என்று நம்பிய காலத்தில், மனிதன் பிடித்துப் பிடித்தே ஓர் இனத்தைக் காலி செய்ய முடியும் என்று யோசித்தது பெரிய விஷயம்.

சிறையில் முடிந்த வாழ்க்கை

1585இல் அரசு ஆணை வந்தது. புராட்டஸ்டன்ட்கள் மதம் மாற வேண்டும், இல்லையேல் நாட்டைவிட்டுப் போக வேண்டும். பாலிசி இரண்டையும் செய்யவில்லை. மீண்டும் மீண்டும் கைதானார். கடைசியில் பாஸ்டில் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அரசரே நேரில் வந்து மதம் மாறச் சொன்னதாகவும், கிழவர் மறுத்ததாகவும் ஒரு கதை உண்டு. அது பின்னால் ஜோடிக்கப்பட்டதாக இருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர்கள் பலரின் கருத்து. ஆனால் முடிவில் மாற்றமில்லை. 1589-90 வாக்கில், சுமார் 80 வயதில், பசியிலும் குளிரிலும் சிறைக்குள்ளேயே இறந்துபோனார்.

துய்லரி குகை நிலைக்கவில்லை. மெருகில் சேர்த்த பொருட்களின் பட்டியலை நூலில் கொடுத்தவர், எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற அளவை மட்டும் கொடுக்கவே இல்லை. அத்தனை கஷ்டப்பட்டுக் கற்றதை அவ்வளவு லேசில் கொடுக்க மனம் வரவில்லை போல. ரகசியத்தால் அவதிப்பட்டவரே கடைசியில் ரகசியம் காத்தார்.

மறுபடி பிறந்த பாலிசி

18ஆம் நூற்றாண்டில் புஃபோன் போன்ற இயற்கை அறிஞர்கள் அவர் நூல்களைத் தூசி தட்டி எடுத்து வியந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவருடைய தட்டுகளுக்கு மோகம் பிறந்தது. பிரான்ஸில் ஷார்ல் அவிசோ அவர் பாணியைத் திரும்பக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தின் மின்டன் நிறுவனம் பாலிசி பெயரிலேயே வண்ணப் பீங்கான் விற்றது. போர்ச்சுகலின் கால்டாஸ் ட ரைன்யா நகரில் மீனும் நண்டும் ஒட்டிய தட்டு செய்வது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1859இல் வெளியான சாமுவேல் ஸ்மைல்ஸின் 'செல்ஃப் ஹெல்ப்' நூல், எரிந்த மேசைக் கதையை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது. இன்று அவருடையவை எனக் கருதப்படும் படைப்புகளை பாரிஸின் லூவர், லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

கோப்பை வரையப் போறீங்களா? ஒரு நிமிஷம்

பாலிசி காலத்து மெருகில் காரீயம் இருந்தது. அது நஞ்சு. இன்று வகுப்பில் சேர்ந்து நீங்கள் வரையும் கோப்பையில் காபி குடிக்கும் எண்ணம் இருந்தால் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். பயன்படுத்தும் மெருகு காரீயம் இல்லாததா? வரைந்த பிறகு சூளையில் சுடுவார்களா? சுடாமல் அக்ரிலிக் வண்ணம் மட்டும் பூசிய கோப்பை அலமாரிக்குத்தான், வாய்க்கு அல்ல. இதைத் தொழிலாகவே கற்க ஆசை என்றால் வெகுதூரம் போக வேண்டாம். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுக் கல்வி நிறுவனம் இருக்கிறது.

கோப்பையில் மட்டும் மிஞ்சிவிடக் கூடாது

2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சாவூர் - புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கி.மீ. பரப்பை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, கடல் புல்லை மேய்ந்து வாழும் சாதுவான பிராணி. ஒரு காலத்தில் இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்டது, வலையிலும் சிக்கியது. இன்று நாட்டிலேயே சில நூறு மட்டும் மிஞ்சியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இதே கடலின் கடல் குதிரைகளும் கடல் அட்டைகளும் 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளன. மணமேல்குடியிலும் ஜெகதாப்பட்டினத்திலும் வலையில் சிக்கிய கடற்பசுவை மீண்டும் கடலில் விடும் மீனவர்தான் இந்தச் சட்டத்தின் உண்மையான காவலர். வலையை அறுத்துக்கொண்டு நஷ்டப்படுபவரும் அவரே.

பிடித்துக்கொண்டே இருந்தால் ஓர் இனம் தொலைந்துபோகும் என்று ஒரு குயவர் காசு வாங்கிக்கொண்டு பாடம் நடத்தி 450 ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்தப் பாடத்துக்கு இன்றைய தேர்வு மையம் பாக் நீரிணை. அடுத்த முறை கோப்பையில் ஒரு கடற்பசுவை வரையும்போது, அது இன்னும் கோட்டைப்பட்டினம் பக்கம் கடல் புல்லை மேய்ந்துகொண்டிருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வரைவதற்கு நிஜத்தில் ஒன்று மிஞ்சியிருக்கும்வரைதான் அது ஓவியம். அப்புறம் அது வெறும் படிமம்.